வானொலி வழி இயங்கும் மாதிரி மோட்டார் சைக்கிள்

வானொலி வழி இயங்கும் மாதிரி மோட்டார் சைக்கிள் என்பது, உண்மையான மோட்டார் சைக்கிளைப் பல மடங்கு சிறிதாகச் செய்து, தொலைவில் நிற்பவர் கையிலுள்ள கருவியின் வானொலி அலைகளால் ஓட்டப்படும் பொழுதுபோக்கு வண்டி ஆகும். மாதிரி விமானம், மாதிரிப் படகு, மாதிரிக் கார் ஆகியவற்றுக்கு உள்ள அளவு பயனர்கள் இதற்கு இல்லை. காரணம் எளிது: இது விழுந்துவிடும். ஓட்டுபவர் இல்லாத இருசக்கர வண்டியை விழாமல் எப்படி ஓடச் செய்வது என்ற கேள்வியே இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது. அதற்கு விடை தேடியபோது, சாலையில் வண்டி ஓட்டும் கோடிக்கணக்கானோர் தம்மை அறியாமலே செய்து வரும் ஒரு செயலும் கூடவே தெரியவந்தது.

தொலை இயக்கத்தின் தொடக்கம்

வானொலி அலையால் இயக்கிக் காட்டப்பட்ட முதல் கலங்களுள் புகழ்பெற்றது ஒரு படகு. 1898-ல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்பொருட்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு இரும்புப் படகை நிக்கோலா டெஸ்லா கம்பித் தொடர்பு ஏதுமின்றி இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையின் தலைப்பில் கலங்கள் மட்டுமல்ல, வண்டிகளும் இடம்பெற்றன. வானொலி ஒலிபரப்பு என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை என்பதை நினைத்தால் இதன் துணிவு புரியும்.

பொழுதுபோக்காக இது வளர மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937-ல் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை வானொலி வழி பறக்கவிட்டனர். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலக் கருவிகளில் வெற்றிடக் குழாய்களும் கனமான மின்கலங்களும் இருந்தன. முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையால் சுக்கான் திரும்பும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு பக்கம், மறுமுறை அழுத்தினால் மறுபக்கம். அதுவும் முழுவதுமாகத்தான் திரும்பும். கொஞ்சம் திருப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதிரி விமானம் தானாகவே நேராகப் பறக்கும்படி வடிவமைக்கப்படுவதால் இந்த முரட்டுக் கட்டுப்பாட்டைத் தாங்கிக்கொண்டது. இருசக்கர வண்டி தாங்காது.

1960-களில் டிரான்சிஸ்டர் வந்தபின் நிலைமை மாறியது. கையில் உள்ள குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அந்த அளவுக்கே சுக்கான் திரும்பும் விகிதக் கட்டுப்பாடு பரவியது. கட்டளையை ஏற்று ஒரு சிறு கையை வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் செர்வோ மோட்டார் மாதிரிக் கலையின் அடிப்படை உறுப்பாயிற்று. இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் 1966-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள ஃபெராரி காரை வெளியிட்டது. 1976-ல் ஜப்பானின் தமியா நிறுவனம் அதே அளவில் போர்ஷே 934 காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பெரும் வெற்றி பெற்றது. நான்கு சக்கரம் உள்ள வண்டி நின்றாலும் விழாது, ஓடினாலும் விழாது. ஆகவே கார்களின் கதையை இத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டு சக்கரம் ஏன் விழுவதில்லை

சர்க்கஸ் காட்சி போல் தோன்றினாலும், மோட்டார் பந்தயங்களில் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்ட பின்னும் வண்டி தனியே நிமிர்ந்து நெடுந்தூரம் ஓடுவது உண்டு. போதிய வேகம் இருந்தால் இருசக்கர வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். இதன் கணிதச் சமன்பாடுகளைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த விப்பிள் 1899-லேயே எழுதிவிட்டார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன் சக்கரமும் தானாக இடப்பக்கம் திரும்புகிறது. சாய்ந்த பக்கமே சக்கரங்கள் நகர்ந்து வண்டியின் எடையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தும் சிறுவன், குச்சி சாயும் பக்கமே கையைக் கொண்டுபோவது போன்றதுதான் இது.

முன் சக்கரம் ஏன் தானாகத் திரும்புகிறது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. சுழலும் பம்பரத்தின் இயல்பே காரணம் என்றனர் ஒரு சாரார். சக்கரம் தரையைத் தொடும் இடம் ஃபோர்க்கின் சுழல் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே காரணம் என்றனர் மற்றொரு சாரார். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரத்தை மிதிவண்டியில் பொருத்தி, பம்பர விளைவை நீக்கிப் பார்த்தார். அப்போதும் அதை ஓட்ட முடிந்தது. 2011-ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் இரு காரணங்களையுமே நீக்கிய ஒரு வண்டியைச் செய்தனர். அதுவும் ஆளின்றி நிமிர்ந்து ஓடியது. எடை எங்கெங்கே பரவியுள்ளது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் மாதிரி வண்டியும் தானாக ஓடவேண்டியதுதானே? இங்கேதான் அளவு குறுக்கிடுகிறது. நீண்ட துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்த முடியாது. பொருள் குட்டையாக ஆக விரைவாகச் சாயும். சாய்ந்து விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி, பெரிய வண்டியைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு விரைவாக விழுந்துவிடும். தொலைவில் நின்று கருவியை இயக்குபவரின் கண்ணும் கையும் மட்டும் பழைய வேகத்திலேயே இருக்கின்றன.

சுழலும் சக்கரம் என்ற விடை

இதற்கான விடைகளுள் ஒன்று மாதிரிக் கலைக்கு வெளியே, அதற்கு மிக முன்பே கிடைத்திருந்தது. அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லூயி பிரென்னன் இங்கே இருமுறை வருகிறார். கரையிலிருந்தே கம்பிகளால் இயக்கித் திசை திருப்பக்கூடிய நீர்மூழ்கிக் குண்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே உருவாக்கியவர் அவர். பின்னர் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் வண்டியைச் செய்தார். அதனுள் எதிரெதிர்த் திசையில் வேகமாகச் சுழலும் இரு கனமான சக்கரங்கள் அதைச் சாயவிடாமல் பிடித்தன. 1907-ல் சிறு மாதிரியையும், 1909 நவம்பரில் இங்கிலாந்தின் கில்லிங்ஹாமில் முழு அளவு வண்டியையும் ஓட்டிக் காட்டினார். மலைப்பகுதிகளுக்கு உதவும் என்று நம்பி லண்டனிலிருந்த இந்திய அலுவலகமும், காஷ்மீர் தர்பாரும் இதற்குப் பணம் கொடுத்தன. அந்த நம்பிக்கை வீணாயிற்று. சுழல்வது நின்றால் வண்டி கவிழுமே என்ற அச்சத்தில் எவரும் ரயில் பாதை போட முன்வரவில்லை. 1914-ல் ரஷ்யரான ஷிலோவ்ஸ்கி லண்டன் தெருவில் ஓட்டிய இருசக்கரக் காருக்கும் அதே கதிதான்.

பயணிகளுக்கு ஆகாத அந்த வழி பொம்மைக்குப் பொருந்தியது. ஜப்பானின் கியோஷோ முதலிய நிறுவனங்கள் 1980-கள் முதல் மின்மோட்டாரால் ஓடும் மாதிரி மோட்டார் சைக்கிள்களை விற்றன. பிற்காலத்தில் பல நிறுவனங்கள் பின் சக்கரத்தின் கூட்டுக்குள் மற்றொரு கனமான சக்கரத்தை ஒளித்துவைத்து, வெளிச் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழலச் செய்தன. 2023-ல் வெளியான லோசி நிறுவனத்தின் நான்கில் ஒரு பங்கு அளவு மாதிரியில் அந்த உட்சக்கரத்துக்கெனத் தனி மோட்டாரே உண்டு. ஆகவே வண்டி மெதுவாகப் போகும்போதும் அது விழுவதில்லை.

திருப்புவது அடுத்த சிக்கல். காரில் செய்வது போல் செர்வோவை முன் ஃபோர்க்கோடு இறுக்கமாக இணைத்தால் மாதிரி உடனே விழும். ஃபோர்க் தானாகத் திரும்பித் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடுவதே காரணம். எனவே இடையில் ஒரு மென்மையான சுருள்வில் வைத்தனர். செர்வோ கோணத்தைக் கட்டளையிடாது. ஒரு தள்ளு மட்டும் கொடுக்கும். அந்தத் தள்ளும் எதிர்ப்பக்கமாக இருக்கவேண்டும். வலப்பக்கம் போகவேண்டுமானால் முன் சக்கரத்தை முதலில் ஒரு கணம் இடப்பக்கம் திருப்பவேண்டும். சக்கரங்கள் இடப்பக்கம் விலக, வண்டியின் உடல் வலப்பக்கம் சாயும். சாய்ந்ததும் முன் சக்கரம் தானே வலப்பக்கம் திரும்பி வளைவில் போகும். பொம்மை ஓட்டுநரையோ மின்கலத்தையோ பக்கவாட்டில் நகர்த்தி எடையால் சாய்க்கும் மாதிரிகளும் வந்தன. ஆயினும் எதிர்த்திருப்பமே பெரிதும் நிலைத்தது.

பெரிய வண்டிகளில் ஆளில்லா ஓட்டம்

முழு அளவு வண்டியிலும் இதே சிக்கல்கள் எழுந்தன. 2004 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு நடந்த தார்ப்பா போட்டியில், பெர்க்லி மாணவர்கள் உருவாக்கிய 'கோஸ்ட் ரைடர்' மட்டுமே இருசக்கர வண்டி. தொடக்கக் கோட்டில் அதன் சமநிலை அமைப்பை இயக்கிவிட மறந்துபோனதால், புறப்பட்டதுமே சாய்ந்து விழுந்தது. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தப் போட்டியில் எந்த வண்டியும் முடிவுக் கோட்டைத் தொடவில்லை. ஸ்மித்சோனியனில் இப்போது அதற்கும் இடமுண்டு. 2017-ல் ஹோண்டா நிறுவனம், சுழல் சக்கரம் ஏதுமின்றி முன் சக்கரத்தை மட்டும் நுணுக்கமாகத் திருப்பி, நின்ற இடத்திலேயே விழாதிருக்கும் மோட்டார் சைக்கிளைக் காட்டியது. அதே ஆண்டு யமஹாவின் மனித வடிவ எந்திரம் பந்தயச் சாலையில் வாலண்டினோ ரோசியோடு போட்டியிட்டு, ஒரு சுற்றில் 30 விநாடிகளுக்கு மேல் பின்தங்கியது.

ஓட்டுநர்களுக்கு இதில் என்ன

எதிர்த்திருப்பம் மாதிரிகளுக்கு மட்டும் உரியதன்று. நடை வேகத்தைத் தாண்டிய எந்த ஸ்கூட்டரும் புல்லட்டும் அப்படித்தான் திரும்புகின்றன. இடப்பக்கம் போக, இடது கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்துகிறோம். உடலைச் சாய்த்ததால் திரும்பியது என்று நினைத்துக்கொள்கிறோம். மெதுவான வளைவில் இந்த அறியாமையால் கெடுதல் இல்லை. வேகமாகப் போகையில் மாடோ பள்ளமோ எதிர்ப்பட்டால் நிலைமை வேறு. பதற்றத்தில் எந்தப் பக்கம் போக விரும்புகிறாரோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருகுபவரை, வண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடும்.

இதற்குச் சான்றும் உண்டு. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்கள் பின் பிரேக்கை மிகுதியாக அழுத்திச் சறுக்கினர், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை, எதிர்த்திருப்பத்தால் விலகும் திறன் அவர்களிடம் அநேகமாக இல்லை என்று அது பதிவு செய்தது.

இந்தியச் சாலைகளில் உயிரிழப்போரில் இருசக்கர வண்டியில் செல்வோரே மிகப் பெரிய பங்கினர். ஆனால் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமத் தேர்வு என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் திடலில் கால் ஊன்றாமல் 'எட்டு' போடுவதுதான் எவருக்கும் நினைவு வரும். எட்டு போடுவது மிக மெதுவான ஓட்டம். அந்த வேகத்தில் ஹேண்டில் திரும்பும் பக்கமே வண்டியும் போகிறது. சமநிலையைச் சோதிக்க அது நல்ல வழிதான்; வேகத்தில் தடையை விலக்கிச் செல்லும் திறனை அது சோதிப்பதில்லை. பிரிட்டனில் 2009 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிள் தேர்வில், மணிக்குக் குறைந்தது 50 கி.மீ. வேகத்தில் வந்து குறித்த இடத்தில் விலகி, பின் வண்டியை நிறுத்திக் காட்டும் பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளது.