இரண்டாம் அறுவையின் விலை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் மீன்பிடி இடங்களைப் ‘பாடு’ என்று வகுத்து முறைவைத்து வலைபோடுவது தலைமுறைகளாக வரும் வழக்கம். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் காத்த ஏற்பாடு அது. ஆனால் முறை நாளில் தவறிய மீனை மறுநாள் பிடிக்க முடியாது. இத்தகைய ஊரில் புற்றுநோய் சிகிச்சையின் விலையை ரசீதில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனை ஏழைகளின் ரசீதைக் குறைத்தது. சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் இடையிலான சுமார் 60 கிலோமீட்டரை அதனால் குறைக்க முடியவில்லை. கட்டியின் ஓரத்தைக் காட்ட உதவும், அறுவையின்போது மருத்துவர் அணியும் மலிவான படக்கண்ணாடியை இந்தக் கணக்கில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கட்டியின் ஓரம் கண்ணுக்கும் விரலுக்கும் எளிதில் பிடிபடாது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் மூர் ஃப்ளோரசீன் சாயத்தால் மூளைக்கட்டியை ஒளிரவைத்தார். பிறகு வந்த இண்டோசயனின் கிரீன் சாயம், போட்டோ பிலிம் விற்ற கோடாக்கின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1959-இல் அமெரிக்காவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது. அது உமிழும் அகச்சிவப்பு ஒளி நமக்குத் தெரியாது, செல்போன் கேமராவின் சில்லுக்குத் தெரியும். (தெரிந்துவிடக் கூடாதென்றே அதன்முன் வடிகட்டி வைக்கிறார்கள்!) 2014-இல் செயின்ட் லூயிஸ் நகரில், அந்த ஒளியைக் காட்டும் ஆய்வாளர் சாமுவேல் அச்சிலெஃபு குழுவின் கண்ணாடி மார்பகப் புற்று அறுவையில் பயன்பட்டது. சாயம் ஒரு தொழிலின் உபரி, சில்லு இன்னொன்றின் உபரி. மலிவு அங்கிருந்து வருகிறது.

இங்கிலாந்தில் மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மீண்டும் அறுவை தேவைப்பட்டிருக்கிறது. ஓரத்தில் நோய் மிஞ்சியதே பெரும்பாலும் காரணம். குப்பத்துப் பெண்ணுக்கு இரண்டாம் அறுவை என்றால் இன்னொரு பயணம், விற்காத மீன், துணைக்கு வந்தவர் இழந்த பாடு. நம்மூரில் நோய் முற்றியே வருகிறது, மார்பகத்தை முழுதாக எடுத்துவிடுகிறார்கள், ஓரத்தைப் பற்றிய கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, முன்கூட்டிக் கண்டறிவதற்குக் கண்ணாடி ஈடாகாது. இண்டோசயனின் கிரீன் புற்றை மட்டும் தேடிப் பிடிப்பதுமில்லை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் மங்கிவிடும். எனினும் அக்குளில் நோய் முதலில் பரவும் நிணக்கணுவைக் காட்ட அது போதும். கதிரியக்க மருந்தைக் கொண்டு அதைத் தேட அணுமருத்துவப் பிரிவு வேண்டும். சாயமும் கேமராவும் போதுமென்றால், பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் இருக்கும் சிறிய ஊர் மருத்துவமனையிலும் அந்த வேலை நடக்கும். அப்படியொரு ஊரான பொன்னேரி சென்னைக்குப் போகும் வழியில், பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.