அமிலத்தை ஆக்குவது எது?

புளிப்புச் சுவையைக் கொண்டே மனிதன் முதன்முதலில் அமிலத்தை அறிந்தான். எலுமிச்சைச் சாறும் நாட்பட்ட கள்ளும் காடியும் அவனுக்கு அதனை நாவின்வழிக் கற்பித்தன. காரத்தை அறிவித்ததோ அடுப்புச் சாம்பல். சாம்பல் கரைத்த நீர் கைக்கு வழுவழுப்பாக இருந்தது, அழுக்கையும் போக்கிற்று. (காரம் என்றவுடன் நம் மாணவர் மிளகாயை நினைப்பது இயல்பே. சவர்க்காரம் என்னும் சொல்லில் உள்ள காரத்தைச் சுட்டிக் காட்டினால் அம்மயக்கம் தீரும்.)

நாவை விடுத்துக் கண்ணால் அறியும் முறையை இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் விரிவாக ஆராய்ந்தார். வயலட் மலர்ப்பாகு அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் பச்சையாகவும் மாறுவதை 1664ஆம் ஆண்டில் அவர் நூலாக எழுதி வெளியிட்டார். ஆயினும், நிறமாற்றம் அமிலத்தை இனங்காட்டியதேயன்றி, அஃது ஏன் அமிலமாயிற்று என்பதைக் கூறவில்லை.

அவ்வினாவிற்கு விடை காண முற்பட்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியர். கந்தகத்தையும் பாஸ்பரசையும் அவர் எரித்துப் பார்த்தார். எரிந்தபின் எடை கூடியிருந்தது. காற்றின் ஒரு பகுதி அவற்றோடு சேர்ந்ததே அதற்குக் காரணம். விளைந்த பொருள்களோ நீரில் கரைந்து அமிலங்களாயின. ஆகவே, அமிலங்கள் அனைத்திற்கும் இவ்வாயுவே மூலம் என்று துணிந்து, 'அமிலத்தை ஆக்குவது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார். சான்றுகள் சில, முடிவோ எல்லாவற்றிற்கும்!

கறியுப்பிலிருந்து பெறப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இக்கொள்கைக்கு அடங்கவில்லை. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க எவராலும் இயலவில்லை. லவாசியர் தளரவில்லை. 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் தனிமப் பட்டியலில், அவ்வமிலத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்திருப்பதாக அவர் கருதிய, எவரும் கண்டிராத ஒரு பொருளுக்கும் இடம் ஒதுக்கினார். 1794ஆம் ஆண்டில் கொலைக்கருவி அவர் தலையைத் துண்டித்தது. அவர் கொள்கை மட்டும் நிலைத்து நின்றது.

இதற்கு முன்னரே, 1774ஆம் ஆண்டில், சுவீடனைச் சேர்ந்த ஷீலே அதே அமிலத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சை நிற வாயுவொன்றைப் பெற்றிருந்தார். மிகுதியான ஆக்சிஜன் சேர்ந்த கூட்டுப்பொருளே அது எனப் பிரெஞ்சு அறிஞர்கள் கருதினர். 1809ஆம் ஆண்டில் கே-லுசாக்கும் தெனாரும் அவ்வாயுவைச் சிவக்கக் காய்ச்சிய கரியின்மேல் செலுத்தினர். ஆக்சிஜன் இருந்தால் கரி அதனைக் கவர்ந்திருக்கும், அவ்வாறு நிகழவில்லை. அது தனிமமாக இருக்கலாம் என அவர்கள் எண்ணியபோதிலும் பழங்கொள்கையைக் கைவிடத் தயங்கினர். மறு ஆண்டில் ஹம்பிரி டேவி மின்கல அடுக்கின் ஆற்றலால் கரியை வெண்ணிறமாகக் காய்ச்சியும் சோதித்து, ஆக்சிஜன் இல்லை என்று உறுதி செய்தார். அவ்வாயு ஒரு தனிமம் எனக் கூறி, நிறம் பற்றிக் குளோரின் எனப் பெயரிட்டார். பெர்சீலியசு போன்ற பேரறிஞரே இதனை ஏற்கப் பல்லாண்டுகள் கழிந்தன. கொள்கை வீழ்ந்த பின்னரும் பெயர் வீழவில்லை. ஜெர்மானியர் இன்றும் ஆக்சிஜனைப் 'புளிப்புப் பொருள்' என்றே தம் மொழியில் வழங்குகின்றனர்.

உலோகத்தால் இடம்பெயர்க்கத்தக்க ஹைட்ரஜனே அமிலத்தின் அடையாளம் என 1838ஆம் ஆண்டில் லீபிக் விளக்கினார். உலோகம் அவ்விடத்தில் அமர்ந்தால் கிடைப்பது உப்பு. அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனியையும் காரம் ஹைட்ராக்சைடு அயனியையும் தருகின்றன என்னும் கருத்து சுவீடனைச் சேர்ந்த அரினியசின் ஆய்விலிருந்து பிறந்தது. 1884ஆம் ஆண்டில் அவர் அளித்த ஆய்வேட்டை உப்சாலாப் பல்கலைக்கழகம் தாழ்ந்த தரத்திலேயே தேர்ச்சி பெறச் செய்தது. 1903ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

அம்மோனியாவின் மூலக்கூற்றில் ஹைட்ராக்சைடு இல்லை. எனினும் அது காரமாய் இயங்குகிறது. இப்புதிருக்கு 1923ஆம் ஆண்டில் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியே விடை கண்டனர்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம்; ஏற்பது காரம். ரப்பர்ப் பால் உறையாதிருக்க அம்மோனியாவும், உறைவதற்கு பார்மிக் அமிலமும் நம் தோட்டங்களில் ஊற்றப்பட்டு வந்தன. எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் ரப்பர்த் துகள்கள், அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகளால் அம்மின்னேற்றத்தை இழந்து ஒன்றுகூடித் திரள்கின்றன.