ஆயா ஏன் ஊசி வேணாம்னு சொன்னாங்க?

இன்னைக்கு ஒரு வதந்தியோட வரலாறு.

2021 ஜூன். காஞ்சிபுரம் பக்கத்துல கூரத்துல இருக்கற ஆயாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தேன். சித்தி பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். "அவளுக்கு மட்டும் கொரோனா ஊசி வேணாம் கண்ணு. நாளைக்குப் புள்ள நிக்கலைன்னா யாரு பதில் சொல்றது?"ன்னாங்க. "வாட்ஸ்அப்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்க"ன்னு எரிச்சலா சொல்லி வச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சது, ஆயாகிட்ட வாட்ஸ்அப்பே கிடையாது.

அப்போ அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

ஒரு பதில் 1976ல இருக்கு. எமர்ஜென்சி காலம். ஜனவரி 31 அன்னைக்குத் தமிழ்நாட்டுல திமுக ஆட்சியைக் கலைச்சாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் டார்கெட் இருந்தது. 1976-77ல நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல ஆபரேஷன் நடந்தது. தமிழ்நாட்டுல மட்டும் 5 லட்சத்துக்கு மேல. கட்டாயப்படுத்தின கதைகள் வட இந்தியாவுலதான் அதிகம். ஆனா பயத்துக்கு மாநில எல்லை கிடையாது. 'அரசாங்கம் வீடு தேடி வருதுன்னா புள்ளைப்பேறுல கை வைக்கத்தான்'ங்கற சந்தேகம் ஒரு தலைமுறைக்கே தங்கிடுச்சு.

இன்னொரு பதில் 2021லயே இருக்கு. ஜனவரி 3, கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் அனுமதி கொடுத்த அன்னைக்கே, ஊசியால ஆண்மை போயிடும்ங்கறது சுத்த அபத்தம்னு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி வி.ஜி. சோமானி சொன்னார். ஜனவரி 16 ஊசி போட ஆரம்பிச்சாங்க. ஆனா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுற தாய்மார்களுக்கும் கிடையாது. ட்ரயல்ல அவங்களைச் சேர்க்கலை, அதனால டேட்டா இல்லை. நம்ம ஆபீஸ் பாஷையில இது 'இன்னும் டெஸ்ட் பண்ணலை', 'ஃபெயில்' இல்லை. வெளியில கேட்டவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது.

பாலூட்டுறவங்களுக்கு மே 19லயும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2லயும்தான் அனுமதி வந்தது. நடுவுல ரெண்டாவது அலை வந்துட்டுப் போயிடுச்சு. கொரோனா வந்த கர்ப்பிணிகள்ல அறிகுறி இருந்தவங்க முதல் அலையில 14.2 சதவீதம், ரெண்டாவதுல 28.7 சதவீதம்னு ஐசிஎம்ஆர் சொல்லுச்சு. தாமதத்துக்கு விலை இருந்தது.

டேட்டா அப்புறம் வந்தது. கோவிஷீல்டும் ஆஸ்ட்ராஜெனெகாவும் ஒரே ஊசி. அதோட ட்ரயல் நடுவுல கர்ப்பமானவங்களைப் பார்த்ததுல கருத்தரிப்பும் குறையலை, கருச்சிதைவும் கூடலைன்னு 2021லயே லான்செட்ல வந்தது. 2022 ஜனவரியில பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு, குழந்தைக்கு முயற்சி செஞ்ச 2,126 பெண்களை வச்சு: ஊசியால கருத்தரிக்கற வாய்ப்பு குறையலை. ஆணுக்குக் கொரோனாவே வந்தா மட்டும் ரெண்டு மாசம் கொஞ்சம் குறையலாம்.

பீரியட்ஸ் தள்ளிப்போகுதுன்னு பெண்கள் சொன்னப்ப நிறைய பேர் சிரிச்சாங்க. அதையும் அளந்து பார்த்தாங்க. சராசரியா ஒரு நாளுக்கும் குறைவா தள்ளிப்போச்சு, சீக்கிரமே சரியாச்சு. அவங்க சொன்னது கற்பனை இல்லை, ஆபத்தும் இல்லை.

மறுநாள் ஆயாவுக்குத் திரும்பப் போன் போட்டேன். இந்த முறை "ஏன் பயமா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். அந்தக் காலத்து ஆபரேஷன் கேம்ப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்க. கடைசியில, "டாக்டரம்மாகிட்ட அவளையே கேக்கச் சொல்லு"ன்னாங்க.

அவ கேட்டா. கல்யாணத்துக்கு முன்னாடியே ஊசியும் போட்டுக்கிட்டா.