பென்சில் கரி மின்தாளான கதை

இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்றொரு மலைப் பள்ளத்தாக்கு. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வழவழப்பான கருங்கட்டி ஒன்று கிடைத்தது. இடையர்கள் அதை வைத்து ஆடுகளுக்கு அடையாளமிட்டார்கள். எல்லோரும் அதை ஈயத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு உள்ளே பூச ஏற்றது என்று தெரிந்ததும் அதன் மதிப்பு எகிறியது, களவும் பெருகியது. 1752-இல் அந்தக் களவைத் தடுக்கவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அது ஈயமல்ல, கரியின் ஒரு வடிவம் என்று 1779-இல் காட்டியவர் சுவீடனின் வேதியியலாளர் ஷீலே. அதுதான் கிராஃபைட்.

பிறகு பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பென்சிலுக்கு நல்ல கிராஃபைட் வராமல் பாரீஸ் தவித்தபோது, நிக்கோலா கோன்ட்டே மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சுட்டார். 1795-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் பென்சில் இன்றும் அந்த வழியில்தான் பிறக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் இலங்கைச் சுரங்கங்களின் தூய கிராஃபைட்டைக் கப்பலேற்றினார்கள். அது மேலைநாட்டுப் பட்டறைகளில் உலோகம் உருக்கும் மூசையானது.

கிராஃபைட் ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டும் ஓர் அணு தடிமனே உள்ள கரித்தாள். 1859-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெஞ்சமின் பிராடி கிராஃபைட்டின் அணு எடையைத் தேடி, அதைப் பொட்டாசியம் குளோரேட் கலந்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தார். அவர் கண்ட எடை தவறு. ஆனால் தாள்களுக்கு இடையே ஆக்சிஜன் புகுந்து உருவான கிராஃபைட் ஆக்சைடு கைக்கு வந்தது. 1958-இல் ஹம்மர்ஸ், ஆஃபெமன் என்ற அமெரிக்கர் இருவர் பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் கொண்டு அந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்க வழி சொன்னார்கள். உலகின் ஆய்வுக்கூடங்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன.

ஒற்றைத் தாளைத் தனியே பிரித்ததோ வேறொரு வழி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துக் குப்பையில் போடுவது வழக்கம். அந்த நாடாவில் ஒட்டியிருந்த செதில்களை ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஆராய்ந்தார்கள். மேலும் மேலும் உரித்து, ஒற்றைத் தாளான கிராஃபீனைப் பிரித்து 2004-இல் அறிவித்தார்கள். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை அளந்த பொருள்களிலெல்லாம் வலியது கிராஃபீனே என்று 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் கண்டது.

கண்ணுக்குத் தெரியாத தாளைக் கையில் பிடிக்கும் பொருளாக்குவது எப்படி? பிராடியின் ஆக்சைடுதான் கைகொடுத்தது. அது நீரில் தாள்தாளாகப் பிரியும், வடிகட்டினால் காகிதமாகப் படியும். அமெரிக்காவில் ராட்னி ருவாஃப் குழு 2007-இல் அப்படிக் காகிதம் செய்தது. ஆனால் ஆக்சிஜன் தடுத்ததால் அதில் மின்சாரம் சரியாக ஓடவில்லை. ஆக்சிஜனை நீக்கினாலோ தாள்கள் நீரிலேயே திரண்டுவிடும். ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங்கில் டான் லீ குழு அம்மோனியா கலந்த நீரில் ஹைட்ரஸீனால் ஆக்சிஜனை நீக்கியது. தாள்களில் எஞ்சிய மின்னூட்டம் அவற்றை ஒன்றையொன்று தள்ளி விலக்கியே வைத்தது. பிறகு வடிகட்டியபோது பளபளப்பான, வளையும், வலிய, மின்கடத்தும் தாள் கிடைத்தது. 2011-இல் சீனாவின் செஜியாங்கில் ஆக்சைடுக் கரைசலை நூலாகவே இழுத்தார்கள். முடிச்சுப் போட்டாலும் அது அறவில்லை.

ஆனாலும் ஒற்றைத் தாளின் வலிமையில் சிறு பங்குதான் இவற்றுக்கு வந்திருக்கிறது. தாளும் தாளும் சேரும் இடத்தில்தான் பலம் கசிகிறது. பெரிய தாள்களைச் சுருக்கமின்றி நெருக்கி அடுக்குவதே இப்போதைய சவால். உரிப்பதில் தேர்ந்த நாம் அடுக்குவதிலும் தேர்ந்தால், மடக்கி வைக்கும் மின்கலமும் உடையில் நெய்த மின்கம்பியும் அன்றாடப் பொருள்களாகிவிடும்.