நெல்லிச் சாறு பொடியான கதை

ஜவ்வாது மலையில் ஒரு நாட்டுக்குப் பெயரே நெல்லிவாசல் நாடு. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு. பெயரில் நெல்லி ஏன் வந்தது என்பதற்குள் நான் போகவில்லை. என் கவலை வேறு. மலையிலிருந்து கீழே இறங்கும் சரக்கு என்னென்ன? நெல்லிக்காய், கடுக்காய், புளி, தேன், சாமை. இதில் நெல்லிக்காய் காயாக இறங்குகிறது. கடைக்கு வரும்போது பொடியாக, ஜூஸ் பவுடராக, மாத்திரையாக இருக்கிறது. இடையில் நடப்பது என்ன என்று தேடப் போனால், அந்தக் கதையில் முக்கியமான பகுதி நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது.

முதலில் கடுக்காயிடமிருந்து தொடங்கணும். ஜவ்வாது மலையின் அடிவாரத்துப் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷெட்கள். பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். தோலைப் பதப்படுத்துவது அதிலுள்ள துவர்ப்புப் பொருள், அதாவது டானின். கடுக்காய்க்கு வெயிலில் காய்வது பிரச்சினையே இல்லை. வாரக்கணக்கில் கிடந்தாலும் டானின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் அது மூட்டையில் ஏறி, கப்பலில் ஏறி, சீமை வரைக்கும் போனது.

நெல்லிக்காய் அப்படி இல்லை. அதற்கு மதிப்பே வைட்டமின் சி. அந்த வைட்டமினுக்கு வெயில், காற்று, சூடு எதுவும் ஆகாது. நறுக்கி வெயிலில் போட்ட நிமிடத்திலிருந்தே குறைய ஆரம்பித்துவிடும்.

இருந்தும், மற்ற பழங்களோடு ஒப்பிட்டால் காய்ந்த நெல்லியில் வைட்டமின் கொஞ்சம் அதிகமாகவே தாக்குப்பிடிக்கிறது. ஏன்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எம். தாமோதரனும் கே. ஆர். நாயரும். 1936-ல் இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. நெல்லியில் உள்ள ஒரு டானின், வைட்டமின் சி ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். வைட்டமின் சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்து சில வருஷம்தான் ஆகியிருந்த காலம் அது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதன் பாதுகாவலனைத் தேடியிருக்கிறார்கள்! தோல் ஷெட்டுக்காரர் கடுக்காயில் பயன்படுத்திய அதே வகைச் சரக்குதான் நெல்லிக்குள் காவல் வேலை பார்க்கிறது. (1990களில் சிபநாத் கோசல் குழுவினர் நெல்லியின் டானின்களுக்கு எம்ப்ளிகானின் என்று பெயர் வைத்து, அதன் பலனில் பெரும்பங்கு வைட்டமினுக்கா டானினுக்கா என்ற விவாதத்தைக் கிளப்பினார்கள். அது தனிக் கதை.)

இதே வருஷங்களில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு என்று அட்டவணை போட்டவர்கள் இவர்கள்தான். அந்த மரபில் வந்த அட்டவணைகளில் நெல்லிக்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சைவிடப் பல மடங்கு. 1940-ல் ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி நோய் வந்தபோது நெல்லி கொடுத்துக் குணப்படுத்தியிருக்கிறார்கள். காய்கறி கிடைக்காத இடத்துக்கு மாதக்கணக்கில் கெடாமல் சத்தைக் கொண்டுபோக வேண்டும் என்ற தேவை அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. உலர்த்துவது எப்படி என்பதுதான் மிச்சம்.

விடை பால் பக்கத்திலிருந்து வந்தது. திரவத்தைச் சிறு துளிகளாகத் தெளித்து உலர்த்தும் முறைக்கு அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி 1872-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்ப்ரே டிரையிங் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். பிற்பாடு அதைப் பெரிய அளவில் பிடித்துக்கொண்டது பால் பவுடர் தொழில். எருமைப்பாலைப் பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆனந்தில் எச். எம். தலாயா முடியும் என்று காட்டினார். பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியையும் காற்றுச் சூடாக்கியையும் வைத்துத்தான் முதல் சோதனை என்று குரியன் நினைவுகூர்கிறார். 1955 அக்டோபர் 31-ல் நேரு அந்த ஆலையைத் திறந்துவைத்தார்.

பால் பொடியாவதற்கும் பழச்சாறு பொடியாவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாலில் புரதம் இருக்கிறது. அதுவே துளியைச் சுற்றி ஒரு தோலாக நிற்கும். பழச்சாற்றில் இருப்பது சர்க்கரையும் அமிலமும். சூட்டில் இளகி, கலத்தின் சுவரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து ஒரு தோல் கொடுக்கணும். கருவேல இனத்துப் பிசின், மாவுச்சத்தை உடைத்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரின், மோர்ப் புரதம், இதில் ஏதாவது ஒன்றைச் சாற்றில் கரைத்துத் தெளித்தால், ஒவ்வொரு துளியும் காயும்போது சத்து உள்ளே, சுவர் வெளியே என்று ஆகிவிடுகிறது. இதைத்தான் மைக்ரோஎன்கேப்சுலேஷன், நுண்ணுறையிடல் என்கிறார்கள்.

உள்ளே வரும் காற்று 150, 180 டிகிரி இருக்குமே, வைட்டமின் வெந்துபோகாதா? இது நியாயமான சந்தேகம்தான். துளியில் ஈரம் இருக்கும்வரை அது ஆவியாகும்போது துளியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. முழு வேலையும் சில விநாடிகளில் முடிந்து, பொடி வெளியே வரும்போது காற்றின் சூடு 80, 90 டிகிரிக்கு இறங்கியிருக்கும். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையிங்கில் இன்னும் நன்றாகச் சத்து நிற்கும். ஆனால் ஒரு ஈடு முடிய ஒரு நாள் ஆகும், கரண்ட் செலவும் பல மடங்கு.

நம் நாட்டில் இதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் முக்கியமானவர்கள். 1950-ல் தொடங்கிய நிலையம். குடம்புளி இனத்துப் பழம் ஒன்றின் சாற்றை எழிலரசி, ஆனந்தராமகிருஷ்ணன் முதலியோர் மூன்று விதச் சுவர்களோடு ஸ்ப்ரே முறையில் உலர்த்தி, அந்தப் பொடியைப் பிரெட் மாவில் கலந்து சுட்டுப் பார்த்தார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் சுவரில் அந்தப் பழத்தின் அமிலம் சுமார் 90 சதவீதம் மீண்டது. வெறும் சாறு கலந்த பிரெட்டைவிட உறையிட்ட பொடி கலந்த பிரெட்டில் அமிலம் அதிகம் நின்றது, பிரெட்டும் மிருதுவாக வந்தது. உறை என்பது அடுப்பு வரைக்கும் தாங்குகிறது என்பதே இதில் நான் எடுத்துக்கொண்ட செய்தி.

இப்போது மலைக்கு வருவோம். 1882 மெட்ராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டுப் பொருள் அரசின் பொருளாகிவிட்டது. பறிப்பவர் வெறும் கூலிக்காரர். 2006 வன உரிமைச் சட்டம்தான் சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமையை மலைவாசிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. நல்லது. ஆனால் மேலே சொன்ன கதையைப் படித்தால் ஒன்று புரியும்: காயின் உரிமை மலையில் இருக்கிறது, சுவரின் உரிமை கீழே இருக்கிறது. லாபம் சுவரில். பறித்த காயில் சத்து நாளுக்கு நாள் குறைவதால் விலை பேச நேரமும் கிடையாது. வியாபாரி சொல்வதே விலை.

அதற்காக ஜமுனாமரத்தூரில் ஸ்ப்ரே டிரையர் வைக்கணும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு நிலையான மின்சாரமும் வருஷம் முழுக்கச் சரக்கும் வேண்டும். நெல்லி ஒரு பருவத்துக் காய். என் கணிப்பில் மலையில் நடக்க வேண்டியது அதற்கு முந்தின படி: தரம் பிரிப்பது, அன்றைக்கே சாறு எடுப்பது, குளிர்வித்து அனுப்புவது, மிஞ்சியதை மூடிய சூரிய உலர்த்தியில் போடுவது. சாறாக இறங்கினால் பேரம் பேச இரண்டு நாளாவது கிடைக்கும். பறிப்பவருக்கு அதுவே பெரிய விஷயம்.

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'நெல்லி ஜூஸ் பவுடர்' என்ற டப்பாவைத் திருப்பி, மூலப்பொருள் பட்டியலைப் படிக்கணும். அதிகம் சேர்ந்தது முதலில் வரும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் முதலில், நெல்லி இரண்டாவதாக இருந்தால், நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் சுவருக்கு.

கடுக்காய் பற்றியும் தோல் ஷெட்கள் பற்றியும் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை அடுத்த பதிவில் போடுகிறேன்.