வேகமானி: பழைய கார்களில் பழுதும் செப்பனிடுதலும்

வேகமானி என்பது வண்டி ஓடும் வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி. பட்டறையில் அதற்குப் பெயர் ‘மீட்டர்’. “மீட்டர் ஓடலை” என்று ஒருவர் சொன்னால் முள் அசையவில்லை என்றும் கொள்ளலாம், கிலோமீட்டர் எண் நகரவில்லை என்றும் கொள்ளலாம். இரண்டில் எது என்பதுதான் அனுபவமுள்ள மெக்கானிக்கின் முதல் கேள்வி. பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இக்கட்டுரை கேபிளால் இயங்கும் மீட்டர்களைப் பற்றியது. பிரிமியர் பத்மினி, 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடர், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1983-இல் வந்த மாருதி 800 எல்லாம் இந்த வகையில் வளர்ந்தவை. இப்போதைய கார்களில் கேபிள் கிடையாது. சென்சார் அனுப்பும் மின்துடிப்புதான் வேகத்தைச் சொல்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கென்று துடைத்து வைத்திருக்கும் அம்பாசடருக்கு இன்னும் கேபிள்தான்.

கியர்பாக்ஸின் கடைசித் தண்டில் ஒரு திருகுப்பல் இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்ன பினியன் சுழலும், பெரும்பாலும் நைலான். பினியனில் செருகிய கேபிள் டேஷ்போர்டு வரை சுழற்சியைக் கொண்டுபோகிறது. வெளியே தெரியும் உறை ‘அவுட்டர்’. உள்ளே சுழலும் முறுக்குக் கம்பி ‘இன்னர்’. மீட்டருக்குள் இந்தச் சுழற்சி இரண்டு வேலைகளாகப் பிரிகிறது. ஒன்று, பல்சக்கரங்கள் வழியாகக் கிலோமீட்டர் எண்களை உருட்டுவது. மற்றொன்று, ஒரு காந்தத்தைச் சுழற்றுவது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியர் ஓட்டோ சுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. நூறாண்டுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய கருவிகளைச் செய்து பெயர்பெற்றது கோயம்புத்தூரின் பிரிகால் நிறுவனம், 1975-இல் தொடங்கியது.

முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றுபோனால் மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. கேபிளையோ பினியனையோ பார்த்தால் போதும். எண் ஓடுகிறது, முள் மட்டும் கிடக்கிறது என்றால் பழுது மீட்டருக்குள். முள் சரி, எண் ஓடவில்லை என்றால் எண் சக்கரங்களை ஓட்டும் பல் தேய்ந்திருக்கும். முள் எகிறிப்போய்க் கடைசி எண்ணில் ஒட்டிக்கொண்டால் காந்தமும் கிண்ணமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்று பொருள். மெதுவாகப் போகையில் முள் 20-க்கும் 50-க்கும் நடுவே ஊஞ்சலாடினால், பெரும்பாலும் இன்னர் காய்ந்திருக்கும் அல்லது கேபிள் எங்கோ மடங்கியிருக்கும்.

இன்னரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மீட்டர் பக்க நட்டைக் கழற்றி இன்னரை உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சமமான சிமெண்ட் தரையில் போட்டு விரலால் உருட்ட வேண்டும். நல்ல கம்பி அமைதியாக உருளும். மடங்கிய கம்பி ஓரிடத்தில் துள்ளும். ஓடும் வண்டியில் முள்ளை ஆட வைப்பது அந்தத் துள்ளல்தான். நுனியையும் பார்க்க வேண்டும். சதுரமாக இருக்க வேண்டிய நுனி தேய்ந்து உருண்டிருந்தால் கம்பி பினியனுக்குள் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: புதுக் கேபிள். அது மலிவான சாமான். நெளித்து நிமிர்த்திப் போடுவது வீண் வேலை. புதியதை மாட்டும்போது கூர்மையான வளைவு இல்லாமல் விட வேண்டும்.

கிரீஸ் போடுவதில்தான் நல்ல மெக்கானிக்கும் சறுக்குகிறார். கம்பி முழுக்க அப்பினால், முறுக்கின் வழியே கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் புகுந்து கிண்ணத்தில் படியும். மேல்நுனியிலிருந்து ஒரு சாண் காய்ந்தபடி விட்டு, மற்ற இடத்தில் மெல்லப் பூச வேண்டும். கழற்றிய கேபிளின் மேல்முனையில் கியர் ஆயில் சொட்டினால் அது வேறு கதை: பினியன் பக்கத்து சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மீட்டரும் எண்ணெயில் குளிக்கும்.

மீட்டரைத் திறப்பது கைநடுக்கம் இல்லாதவர் வேலை. ஓய்வில் முள் ஒரு தடுப்புக் குச்சியில் சாய்ந்து நிற்கும்; ஆனால் சுருள்வில்லின் உண்மையான ஓய்விடம் அதற்கும் கீழே இருக்கும். ஆகவே முள்ளைக் குச்சிக்கு மேலாகத் தூக்கித் தாண்டவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று முகப்பில் பென்சிலால் குறித்த பிறகே கழற்ற வேண்டும். குறிக்காமல் பிடுங்கிய முள்ளைத் திரும்பப் பொருத்துவது குத்துமதிப்புதான். வயதாகிக் காந்தம் வலுவிழந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும்.

செத்த மீட்டரைவிடப் பொய் சொல்லும் மீட்டர் ஆபத்தானது. நின்றுபோன முள்ளை யாரும் நம்புவதில்லை. சரிபார்க்கச் சாலையே போதும். விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் போகும் ஆறேழு கிலோமீட்டரில் எண் பிழை பிடிபடாது. திண்டிவனம் வரைக்குமான நெடுஞ்சாலை வேண்டும். முள்ளை 60-இல் நிலையாக வைத்து, பக்கத்தில் இருப்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேரம் பார்க்க வேண்டும். 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 66 விநாடி ஆனால் உண்மை வேகம் 54.5, மீட்டர் பத்து சதவீதம் கூட்டிச் சொல்கிறது. அப்படியே பத்துக் கல் தூரத்துக்கு எண்ணையும் பார்க்கலாம். எண் என்பது வெறும் பற்களின் கணக்கு. அதில் காந்தத்துக்கும் வில்லுக்கும் வேலையில்லை. முள்ளும் எண்ணும் ஒரே அளவு தவறினால் குற்றம் டயரிலோ பினியனிலோ இருக்கிறது. முள் மட்டும் தவறினால் மீட்டரில். முன்பு இருந்ததைவிட ஐந்து சதவீதம் பெரிய சுற்றளவுள்ள டயர் போட்டவர் 60 என்று நினைத்து 63-இல் போய்க்கொண்டிருப்பார்.

கூட்டிச் சொல்வதை உலகம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஐ.நா. வாகன விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவது உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு மணிக்கு 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி, சில விலக்குகள் நீங்கலாக, எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க டி.என். 16 திண்டிவனத்துக்கோ டி.என். 32 விழுப்புரத்துக்கோ போகிறவர் மீட்டரைச் சரிசெய்துகொண்டு போவதே நல்லது.

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. கலம்பகம் பாடிய இரட்டைப்புலவர்கள் பம்பை ஆற்றின் கரையை மாற்றிப் பாடிவிட, வெள்ளம் வந்து ஆறே தடம் மாறிப் பாட்டை மெய்யாக்கியதாம். மெக்கானிக்குக்கு அந்த வசதி இல்லை. மீட்டர் என்ன சொன்னாலும் கிலோமீட்டர் கல் நட்ட இடத்தில்தான் இருக்கும். அதே கோயிலின் வட்டப்பாறை முன் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்பது நம்பிக்கை. பழைய கார் விற்பவர்களை அங்கே அழைத்துப் போகலாம் என்று தோன்றும், ஏனென்றால் மீட்டரைத் திறந்தவர் கையில் எண் சக்கரங்களும் இருக்கின்றன. ஓடிய தூரத்தைக் குறைத்துத் திருப்பி விற்பது மோசடி. பழைய ஐந்து இலக்க மீட்டரோ 99,999-க்குப் பிறகு தானாகவே சுழியத்துக்கு வந்துவிடும். அதில் யார் குற்றமும் இல்லை. மீட்டரை மாற்ற நேர்ந்தால் பழைய எண், புதிய எண், தேதி மூன்றையும் பட்டறை ரசீதில் எழுதி வாங்கி வண்டிக் காகிதங்களோடு வைப்பது வழக்கம்.