தோள்சீலையும் திருமுழுக்கு ஆடையும்

1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஓர் அரசாணை பிறப்பித்தார். நாடார் குலப் பெண்கள் (அன்றைய ஆவணங்கள் சாணார் என்றே எழுதுகின்றன) இனித் தம் மார்பை மறைத்துக்கொள்ளத் தடையில்லை. கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். எச்சமயத்தவராயினும் முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்விதத்திலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது. இதுவே அவ்வாணையின் சாரம்.

தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றியாக நாம் கொண்டாடுவது இவ்வாணையைத்தான். 2023 மார்ச்சுத் திங்களில் நாகர்கோவிலில் அப்போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நினைவு விழா நடைபெற்றபோது தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் அமர்ந்தனர். (அதே வரலாற்றைச் சொன்ன பாடம், 2016இல் மத்தியக் கல்வி வாரியத்தின் தேர்விலிருந்து விலக்கப்பட்டு, 2019இல் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்தே நீக்கப்பட்டது. மேடைக்கு உதவுவது எல்லாம் வகுப்பறைக்கு ஆகிவிடுவதில்லை போலும்.) விழாக்களிலும் பங்கு மலர்களிலும் இதனை 'மானம் காத்த போராட்டம்' என்று எழுதுவது நம்மிடையே வழக்கம். அந்தப் பெயரில் பிழையில்லை. ஆயினும் அரசாணையின் கடைசி நிபந்தனையை நிதானமாகப் படிப்பவருக்கு அப்பெயர் போதாது என்பது விளங்கும். மானமே வழக்கு என்றால், மார்பு மறைந்ததும் வழக்கு முடிந்திருக்க வேண்டும். மறைத்துக்கொள்ள எல்லா வழியும் திறந்துவிட்ட அரசு, ஒரே ஒரு வழியை மட்டும் ஏன் அடைத்து வைத்தது?

பழைய திருவிதாங்கூரில் மேலாடை என்பது வெட்கத்தைச் சார்ந்த பொருளன்று, வரிசையைச் சார்ந்தது. தாழ்ந்தவர் உயர்ந்தவர் முன் மேலாடையை நீக்குவது வணக்கத்தின் அடையாளம். நாயர் குலப் பெண் நம்பூதிரியின் முன் நீக்கினாள். அரசரும் நம்பூதிரியும் தெய்வத்தின் முன் திறந்த மார்புடன் நின்றனர். நாடார், ஈழவர் முதலிய குலங்களுக்கோ, தமக்கு மேல் இருந்தவர் அனைவர் முன்பும் நீக்கியாக வேண்டும். அதாவது எந்நாளும் எவ்விடத்தும். ஆணுக்கும் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி ஆகாது. நாடார் குலத்தவர் குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், பொன் நகை பூணவும் கூடாது; அவர்தம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் கூடாது. ஆளை விசாரிக்காமலே, அவன் யார், எங்கே நிற்க வேண்டியவன் என்பதைத் தொலைவிலிருந்தே கண்ணால் கண்டறிய வகைசெய்த ஏற்பாடு அது. இவ்வேற்பாட்டில் ஒரு முழத் துணியும் அரசியலாகாமல் இருக்க முடியாது.

1806இல் ரிங்கல்தௌபே என்னும் லண்டன் மிஷன் ஊழியர் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப்பின் மீட், மால்ட் ஆகியோர் நாகர்கோவிலில் பணியைத் தொடர்ந்தனர். திருமுழுக்குப் பெற்ற பெண்கள் திறந்த மார்புடன் ஆலயத்திற்கு வருவது அவர்களை உறுத்தியது. அக்குடும்பங்களின் பெண்மணிகள் தையல் கற்பித்தனர். தளர்ந்த மேற்சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தனர். இதுவே குப்பாயம். ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, சிரியக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளாப் பெண்களும் அணிவது போன்ற குப்பாயத்தை மதம் மாறியவர்களும் அணியலாம் என்று 1810களில் உத்தரவிட்டார். இவ்வுத்தரவின் நுட்பம் கவனிக்கத்தக்கது. சிரியக் கிறிஸ்தவருக்கு வெள்ளைச் சட்டையும் முண்டும், மாப்பிளாவுக்குக் குப்பாயம், நாயருக்கு மேல்முண்டு என ஒவ்வோர் இனமும் தத்தம் ஆடைக்குள் அடையாளப்பட்டிருந்த நாட்டில், புதிய கிறிஸ்தவருக்கும் ஓர் உடை ஒதுக்கப்பட்டது. ஆடை உண்டு, அதன் எல்லையும் உண்டு.

பெண்கள் அவ்வெல்லையில் நிற்கவில்லை. குப்பாயத்தை அணிந்து, அதன்மேல் நாயர் பெண்களைப் போலவே ஒரு சீலையைத் தோளில் இட்டுக்கொண்டு கடைவீதிக்குச் சென்றனர். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தொடங்கிய வன்முறைக்கு அத்தோள்சீலையே காரணமாயிற்று. சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. பத்மநாபபுரம் நீதிமன்றம் 1823இல் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைக்கலாம் எனத் தீர்ப்பளித்தும் கலகம் அடங்கவில்லை. 1827 முதல் மீண்டும் அடிதடியும் தீவைப்பும் நிகழ்ந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரசப் பிரதிநிதி இராணி கௌரி பார்வதி பாயி வெளியிட்ட ஆணை, குப்பாயத்தை ஏற்று மேல்சீலையைத் தடுத்தது. கூலியற்ற ஊழியத்தை ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் கிறிஸ்தவரும் செய்தே ஆகவேண்டும் என்றது. உடையும் ஊழியமும் ஒரே ஆணையில் இடம்பெற்றது தற்செயலன்று. தோளில் சீலை இட்டவள் நாளை கூலி கேட்பாள் என்பதை ஊழியம் வாங்கியவர்கள் நன்றாக அறிந்திருந்தனர்.

மிஷன் குருக்களின் நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டது அடக்கமான உடை. அதற்குக் குப்பாயமே போதும் என்று அவர்கள் கருதினர். மேல்சீலை அவர்கள் கற்பித்ததன்று. அரசிடமே அவ்வாறு விளக்கமளித்தனர். எனினும் தாக்கப்பட்டவர்களைக் கைவிடாமல் மனு மேல் மனுவாக எழுதினர். மீட் உயிருக்கு அஞ்சி உதயகிரிக் கோட்டைக்குள் தங்க வேண்டியும் வந்தது. ஆகவே இக்கதையில் அரசு ஓரிடத்தில் நிற்கிறது. மிஷன் அதற்குச் சற்று முன்னே நிற்கிறது. எழுத்தறியாத அப்பெண்கள் இருவருக்கும் வெகுதொலைவு முன்னே நடந்துபோகிறார்கள். திருமுழுக்கின் பொருளை அவர்களுக்குக் கற்பித்தவர்களைக் காட்டிலும் அவர்கள் ஆழமாக விளங்கிக்கொண்டார்கள் என்பதே நம் எண்ணம்.

அப்பெண்களுக்கு இணையாக, கிறிஸ்தவத்தைத் தழுவாத ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809-1851), தலையில் துணி கட்ட உரிமையற்ற ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு இறைவன் முன் நிற்கச் சொன்னார். அரசரும் திறந்த மார்புடன் வணங்கிய நாட்டில் இது எத்தகைய பேச்சு என்பதை விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் அவர் சிறைவைக்கப்பட்டார். இன்றும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையுடனேயே வழிபடுகின்றனர். மறைபரப்பாளர் துணையோ, ரெசிடென்ட் துணையோ இன்றி எழுந்த குரல் இது.

மூன்றாம் கலகம் 1858இன் பிற்பகுதியில் மூண்டது. விக்டோரியா மகாராணியின் பிரகடனம் அவ்வாண்டு நவம்பரில் வந்தபோது, இனிப் பழைய வழக்கம் நிலைக்கும் என்று ஒரு சாராரும், ஒழியும் என்று மறு சாராரும் பொருள் கொண்டனர். திவான் மாதவ ராவ் டிசம்பரில் 1829ஆம் ஆண்டு ஆணையையே மீண்டும் வலியுறுத்தினார். சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன், ரெசிடென்ட் ஜெனரல் கல்லனுக்குக் கடுமையாக எழுதிய பின்னரே, நாம் தொடக்கத்தில் கண்ட ஆணை வெளிவந்தது.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இப்போராட்டத்தின் எழுத்துச் சான்றுகளில் மிகுதியானவை லண்டன் மிஷனைச் சார்ந்தவை என்பதால், இது பிற சபையாரின் வரலாறு என எண்ணிக் கத்தோலிக்கராகிய நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ஆடைக்கும் வரிசைக்கும் உள்ள உறவை அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர்கள் நாம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, 'பரங்கி' என்னும் இழிபெயரிலிருந்து நற்செய்தியை மீட்பதற்காகக் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். எதிர்ப்பு நம் திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், பூணூல் முதலியவற்றை மூடநம்பிக்கை கலவாமல் அணியலாம் என்று இசைவளித்தார். காவியுடுத்த அத்துணிவை நாம் போற்றவே செய்கிறோம். ஆயினும் துறவியின் உடைக்கும் சாதி வரிசை இருந்தது. பிராமணத் துறவியாக உடுத்தவர் தாழ்த்தப்பட்டோரை வெளிப்படையாக அணுக முடியவில்லை; அவர்களுக்கென 1640 முதல் வேறு உடையில் பண்டாரசுவாமிகள் என்ற பிரிவு ஏற்பட்டது. 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட புனித அருளானந்தர் அப்பண்டாரசுவாமிகளுள் ஒருவர். ஒரே சபை, ஒரே குருத்துவம், ஒரே பலி. உடை மட்டும் இரண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு கூடங்களாகப் பிரிந்து பலிபீடத்தில் கூடியது. வேளாளர் ஒரு புறம், நாடார் மறு புறம். அப்பிரிவினைச் சுவர் 1910இல் தான் இடிக்கப்பட்டது.

அரசாணை சொன்ன முக்குவத்திகள் யார் என்பதும் நம்மைத் தீண்ட வேண்டும். 1544இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து திருமுழுக்கு அளித்தாரே, அம்மக்களின் பெண்வழி அவர்கள். 1859இல் அவர்களின் திருமுழுக்குக்கு வயது 315. ஞாயிறுதோறும் பூசை கண்டு, செபமாலை சொல்லி, பத்துத் தலைமுறைக்கு மேல் கத்தோலிக்கராய் வாழ்ந்த அப்பெண்களின் உடையை, தாழ்வுக்கு அளவுகோலாக அரசு எடுத்துக் காட்டுகிறது. முரட்டுத் துணி போதும் என்று சொல்ல அவர்களே சான்று. உயர்குல உடையைக் கேட்டவரை 'நீ அவளைப் போல் உடுத்திக்கொள்' என்று சமாதானப்படுத்த அவர்களே கருவி. முந்நூறு ஆண்டுகளாக அவர்களுக்கு நற்கருணை வழங்கிய கைகள் அத்துணியைக் கண்டன. அது முரட்டுத் துணி என்று அவற்றுக்குப் படவில்லை.

தூய பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது திருமுழுக்கை ஆடைக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார். கிறிஸ்துவை உடுத்தியவரிடையே யூதர், கிரேக்கர் என்ற பிரிவும், அடிமை, உரிமைக் குடிமகன் என்ற பிரிவும் இல்லை என்கிறார். திருமுழுக்கில் நாம் வழங்கும் வெண்ணிற ஆடைக்கு இப்போதனையே அடிப்படை. கடலோரக் குழந்தைக்கும் உள்நாட்டுக் குழந்தைக்கும் நாம் அளிப்பது ஒரே வெள்ளை. சடங்கு முடிந்ததும் அவ்வாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். பிறகு ஆளுக்கு ஆள் வேறு ஆடை. இறையியல் பாடத்தில் இதனை அடையாளம் என்று படித்தோம். 1822இல் இரணியல் சந்தைக்குத் தோள்சீலையுடன் சென்ற பெண் இதனை அடையாளம் என்று கொள்ளவில்லை. இறைவன் முன் தான் உடுத்தது உண்மையென்றால், அதிகாரியின் முன்னும் அது உண்மையாகவே இருக்க வேண்டும் என்று கொண்டாள், அதற்காக அடிபட்டாள்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உயர்குலத்தாரைப் போல் உடுப்போம் என்ற கோரிக்கையில், 'தாழ்ந்தவரைப் போல் உடுக்கமாட்டோம்' என்ற குறிப்பும் கலந்திருந்தது. முக்குவத்திகளுக்கு ஒப்பிடப்பட்டதையே இழிவாகக் கருதியவர்கள் இருந்திருக்கக்கூடும். இன்றும் நம் பங்குகளில் கடலோரம், உள்நாடு என்று பேசும் குரலில் அதன் எதிரொலி கேட்கத்தான் செய்கிறது. 1982இல் மண்டைக்காட்டில் மோதிக்கொண்டவர்களுள் ஒரு பக்கம் முக்குவர், மறு பக்கம் நாடார் என்பதை எண்ணினால், அரசாணை அருகருகே நிறுத்திய இரு பெண்களும் இன்னும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. நாடார் பெண்களுக்குக் கிடைத்த உரிமை, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் குலப் பெண்களுக்குத் தானாக இறங்கி வரவுமில்லை.

அவர்களும் கொடைக்குக் காத்திருக்கவில்லை. உலோக நகை அணிய உரிமையற்ற புலையர் குலப் பெண்கள், கழுத்து நிறையக் கல்மணி மாலைகளைக் கட்டாயமாக அணிந்துவந்தனர். அவர்கள் யார் என்பதை அம்மாலையே ஊருக்கு அறிவித்தது. அதைக் கழற்றுங்கள் என்றார் அய்யன்காளி. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதன் பொருட்டுக் கலகம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லம் நகரில் சமாதானக் கூட்டம் ஒன்று கூடியது. கூட்டத்திற்கு வந்திருந்த பெண்கள் எல்லார் முன்னிலையிலும் தத்தம் கழுத்து மாலைகளை அறுத்து மேடையருகே போட்டனர். கல்மணிகள் அங்கே குவிந்து கிடந்தன.